இந்த வாரம் துப்பாக்கி என் முறை

என் தங்கை ரேவதி கடிதம் எழுதினால் முக்கியமான சமாசாரத்தைக் கடைசியில்தான் வைப்பாள். இன்லண்டு லெட்டரை மடித்து ஒட்டுகிற ஓரத்தில், பொடி எழுத்தில். அந்தத் தடவை அங்கே இருந்தது இதுதான்: "இந்த வாரம் துப்பாக்கி என் முறை. அதனால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் கிடையாது."

அம்மாவுக்குக் கடிதம் வாசிப்பது நான். வாசித்த வேகத்தில் அந்த வரியையும் வாசித்துத் தொலைத்துவிட்டேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். இவள் கணக்கு டீச்சர் வேலைக்குத்தானே போனாள், பட்டாளத்துக்கா போனாள் என்று கேட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். நீ போய் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தால்தான் இந்த வீட்டில் உலை வைப்பேன் என்றாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சரியான பயந்தாங்கொள்ளி. எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது கும்பகோணம் தந்தி ஆபீசில் எனக்கு வேலை. ஊரில் யார் வீட்டுச் சாவுச் செய்தியானாலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்னால் என் காதில்தான் விழும். தந்தி மெஷினின் கட்டுக்கட்டு ஓசையைக் கேட்டுக் கேட்டே எனக்கு எதைக் கண்டாலும் விபரீதமாகத்தான் தோன்றும். சரஸ்வதி பூஜைக்கு முன்னும் பின்னும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கு ராத்திரியே கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. பஸ் ஸ்டாண்டில் தோல் பதனிடுகிற ஷாப்புக் காற்று குப்பென்று வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு காப்பி குடித்தேன். அதைக் காப்பி என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு வாய்க்கால் கண்ணில் படும். இங்கே நாலு பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து பூட்டு. பூட்டுக்குப் பேர் போன ஊருக்கு வந்துவிட்டு வாங்காமல் போவதா? ஒரு கடையில் நுழைந்து, ஒரு பொம்பளைப் பிள்ளை தனியாகத் தங்கியிருக்கும் அறைக்கு இருப்பதிலேயே பெரிசாக ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "இத ஒடைக்கிறதுக்குள்ள திருடனுக்கே வயசாயிரும் ஆத்தா" என்றார். செத்த நேரம் உட்காருங்க, எண்ணெய் விட்டுத் தாரேன் என்று சொல்லி, சாவியைப் போட்டுப் பத்துத் தடவை திறந்து மூடிக் காட்டினார். அந்த மனுஷர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரம்தான் அந்தப் பயணத்தில் நான் நிம்மதியாக இருந்தேன்.

அங்கிருந்து பழனிப் பக்கம் போகிற பஸ். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் டயர் வெடித்தது. டமார் என்ற சத்தத்துக்கு நான் தலையைக் குனிந்துகொண்டு, ஐயோ ரேவதி என்று கத்தியே விட்டேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "டயருக்குப் பேரு ரேவதியான்னு கேக்கறாங்கம்மா." எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயக்குடியில் கொய்யாப்பழம் ஜன்னல் வழியாக வந்தது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், ஒன்று கூட உள்ளே இறங்கவில்லை.

கீரனூருக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்புக்குள் ரேவதியின் பள்ளிக்கூடம். நாலு பக்கமும் தென்னை. ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு கொடிமரம், பின்னால் டீச்சர்கள் தங்க இரண்டு அறை. ரேவதி கேட்டுக்கு ஓடி வந்து என் பையை வாங்கினாள். இளைத்திருந்தாள். ஆனால் தோளில் ஒன்றும் இல்லை. எங்கே அது என்றேன். ஸ்டாஃப் ரூமில் இருக்கு, முதலில் சாப்பிடு என்றாள்.

கம்பஞ்சோறும் கீரைக் கடைசலும். எங்கள் வீட்டில் அரிசிச் சோறு ஒரு பருக்கை விறைத்தாலே முகம் சுளிக்கிறவள் உருண்டை உருண்டையாகப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

போன வருஷம் இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தலைமையாசிரியர் போலீசுக்கு எழுதிப் போட்டு அதை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்துப் பெண்ணின் மாமன் பட்டப்பகலில் அருவாளோடு உள்ளே வந்தான். தலைமையாசிரியர் கையைக் குறுக்கே கொடுத்தார். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ரேவதி அடுத்த வகுப்பில் கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறாள். உள்ளே நாற்பது பிள்ளைகள். ஜன்னல் வழியாக அவள் பார்த்ததெல்லாம் ஒரு வெள்ளை வேட்டி, தோளில் ஒரு பச்சைத் துண்டு, கையில் அருவாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான்.

அதற்கப்புறம் பள்ளித் தாளாளர், தோப்பில் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு வாரம் முறை. போலீஸ் ஸ்டேஷனில் பேரெல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்றாம். தாளாளர் தோப்பில் ஒரு பானையை வைத்து எல்லோரையும் சுடச் சொல்லியிருக்கிறார். பானையை உடைத்தது என் தங்கை ஒருத்திதான்.

"இது சரியாடி?" என்றேன்.

"சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுக்கா. அன்னைக்கு அந்தக் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னப்ப என் கையில ஒரு ஸ்கேல் இருந்துச்சு. அது மட்டும் தெரியும்."

பையைத் திறந்து பூட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் தூக்கிப் பார்த்து, இதாலேயே ஒருத்தன் மண்டையை உடைக்கலாம் போலிருக்கே என்று சிரித்தாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. பள்ளிக்கூட ஹாலில் மேஜை போட்டுப் பாடப் புத்தகம், வருகைப் பதிவேடு, உலக உருண்டை, தோட்டத்து மண்வெட்டி, மணியடிக்கிற கட்டை என்று வரிசையாக வைத்தார்கள். எங்கள் தந்தி ஆபீசிலும் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்போம், அது பழக்கம்தான். ஆனால் பொன்னுத்தாயி என்ற ஆயாம்மா அந்தத் துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். தோட்டாவை எடுத்தாச்சு, சாக்பீஸ் டப்பாவுல இருக்கு என்று ரேவதி என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நான் தூணை விடவில்லை.

தலைமையாசிரியர் ஐம்பது வயசுக்காரர், மெல்லிய குரல். புத்தகத்து மேல வேண்டாம், ஆயுதம் இருக்கிற பக்கம் வைங்க என்று மூன்று விரல் கையால் காட்டினார். ஆயாம்மா மண்வெட்டிக்குப் பக்கத்தில் அதைப் படுக்கவைத்து, பிடிக்கட்டையிலும் குழலிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, நுனியில் ஒரு செவ்வந்திப் பூவும் செருகிவிட்டாள். தீபாராதனை காட்டும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், சரஸ்வதிக்கா அதுக்கா என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு முழுக்க அதை யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு நாள் எனக்குச் சோறு இறங்கியது.

விஜயதசமி அன்று பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள். காலையிலேயே வாழைமரம் கட்டி, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி வைத்திருந்தார்கள். புனர்பூஜை முடிந்ததும் முறைக்காரி என்பதால் ரேவதி துப்பாக்கியை எடுத்தாள். மேல் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். பூ முந்தின நாளே உதிர்ந்துவிட்டது. குழல் வாய்ப்பக்கம் மூஞ்சியைக் கொண்டுபோகவே கூடாது என்று கற்றுக்கொடுத்திருந்ததால், அந்தப் பக்கம் பார்க்காமல் துடைத்து, டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டாள். இன்றைக்குமா என்று கேட்டேன். இன்னைக்குத்தான் கேட்டு தொறந்து கிடக்கு என்றாள்.

ஹாலுக்குள் தலைமையாசிரியர் ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து, மிச்சமிருந்த விரல்களால் அதன் விரலைப் பிடித்து அரிசியில் அ எழுதவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பயல் வீறிட்டு அழுதான். தாய்மார் சிரித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தாழ்வாரத்தின் பின்கோடியில் நின்றிருந்தோம்.

வேலி இடுக்கு வழியாக ஒரு ஆள் உள்ளே வந்தான். வெள்ளை வேட்டி. தோளில் பச்சைத் துண்டு. கையில் அருவாள்.

நான் ரேவதி என்று கூப்பிடுவதற்குள் என் தங்கை துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனாள். பானையை உடைத்த கை அது, ஒரு இம்மிகூட ஆடவில்லை. அந்த ஆளுக்கும் அவளுக்கும் இருபதடி இருக்கும். அவன் நின்றுவிட்டான். ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை, கத்தவில்லை. குழலையே பார்த்துக்கொண்டு கல்லாக நின்றான்.

பிறகு ரொம்பத் தணிந்த குரலில், தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் பேசுவது போல, சொன்னான்: "மெல்ல எறக்குங்க அம்மணி. வெரல எடுத்துருங்க. மெல்ல."

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ஐந்து வயசு இருக்கும். இரட்டைச் சடை, கையில் புதுச் சிலேட்டு.

"அப்பா, இவங்கதான் டீச்சரா?"

ரேவதி இறக்கினாள். அந்த ஆள் இன்னொரு தோளில் முதுகுப்பக்கமாகத் தொங்கிய இளநீர்க் குலையைத் தரையில் வைத்தார். அருவாளையும் பக்கத்தில் வைத்தார். அதன் கைப்பிடியில் நேற்று வைத்த சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டாமல், வந்த வழியே பின்னுக்கு நடந்து போய்விட்டார்.

யாரென்று ஆயாம்மாதான் சொன்னாள். மரமேறி ராசு, பிள்ளை பேர் செல்வி. விஜயதசமி அன்று முதல் குலையை வெட்டி, பிள்ளைக்கு எழுத்துப் போடுகிற வாத்தியாருக்குக் கொடுப்பது இந்தத் தோப்புக்காரர்கள் பழக்கமாம். இளநீரை அங்கேயே சீவிக் கொடுக்க அருவாள் வேண்டாமா? பச்சைத் துண்டு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

தலைமையாசிரியர் கோபிக்கவில்லை. அவன்னு நெனச்சுட்டே, நானா இருந்தாலும் அப்படித்தாம்மா நெனச்சிருப்பேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலை, விடு என்றார். ரேவதி விடவில்லை. அன்று முழுக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் மூட்டையைக் கட்டு, ஊருக்குப் போகலாம் என்று நச்சரித்தேன். அம்மா உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள் என்றேன். அவள் அந்த அருவாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். தென்னந்தோப்பு வரப்பில் அரை மைல். எங்கள் பக்கத்துத் தோப்பில் தவளைச் சத்தம் ஓயாது. இங்கே மட்டை உரசுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. இந்த ஆளுக்குக் கோபம் வந்து நாலு பேரைக் கூட்டி வைத்திருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டே போனேன்.

கீற்று வேய்ந்த வீடு. வாசலில் ஒரு பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். ரேவதியை, ரேவதியின் கையிலிருந்த அருவாளைப் பார்த்தாள். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, சிலேட்டோடு நின்ற பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கதவில் அவள் முதுகு சாய்ந்த சத்தமும் கேட்டது.

ரேவதி அருவாளைத் தரையில் வைத்தாள். பத்தடி தள்ளிப் போய் மண்ணில் உட்கார்ந்தாள். அழுதாள். என் தங்கை சின்ன வயசிலிருந்தே அழுகிற ரகம் இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ராசு மரத்திலிருந்து இறங்கி வந்தார். எழுந்திருங்க அம்மணி, மண்ணுல உக்காராதீங்க என்றார். ரேவதி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் தலையை ஆட்டி நிறுத்தினார்.

"அந்தத் துப்பாக்கி வாய்க்குள்ள சந்தனம் அடச்சிருந்துச்சுங்க. நீங்க நின்ன பக்கத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது. எங்கண்ணன் பன்னி வெரட்டயில மண்ணு அடச்ச குழல வெச்சுச் சுட்டான். குழல் வெடிச்சுருச்சுங்க. அவனுக்கு மூஞ்சி இல்லாமப் போச்சு. நான் ஒரு அடி எடுத்து வெச்சா நீங்க பதறி அமுத்தீருவீங்கன்னுதான் அசையாம நின்னனுங்க."

தன்னை நோக்கி நீட்டிய குழலைப் பார்த்துக்கொண்டு, பின்னால் பெற்ற பிள்ளையையும் வைத்துக்கொண்டு, அந்த மனுஷர் என் தங்கையின் முகத்துக்காகவும் பயந்துகொண்டு நின்றிருக்கிறார். பயத்தில் நான்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வியைப் பள்ளிக்கு அனுப்புவீர்களா என்று ரேவதி கேட்டாள். அவர் கதவைப் பார்த்தார்.

"படிக்கட்டுமுன்னுதான் கூட்டியாந்தனுங்க. ஆனா அது இருக்கற எடத்துக்கு எப்படி அனுப்பறதுங்க?"

திரும்பி வந்ததும் தலைமையாசிரியர் தோட்டாவை எடுக்கச் சொல்லி, ஒரு தென்னை ஈர்க்கைக் குழல் வாயில் விட்டுக் குத்தினார். கட்டைவிரல் நீளத்துக்குக் காய்ந்த சந்தனம், பாதி சாக்பீஸ் மாதிரி, மேஜையில் விழுந்தது. அதன் நடுவில் பூக்காம்பு ஒட்டியிருந்தது. பொன்னுத்தாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பூ நிற்கட்டும் என்றும், வாய் திறந்து கிடந்தால் ஏதாவது உள்ளே புகுந்துவிடும் என்றும், சந்தனத்தை உருட்டி அடைத்தாளாம். அவளை யாரும் திட்டவில்லை.

மதியம் சுற்றறிக்கை நோட்டு வந்தது. தலைமையாசிரியர் இடது கையால் எழுதியிருந்தார்: இனிமேல் துப்பாக்கியைப் பூஜையில் வைக்கக்கூடாது, முறைக்காரர் தினமும் குழலைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். நாலு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோட்டு ரேவதியிடம் வந்தது. அவள் பேனாவைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் கீழே எழுதினாள்: முறையிலிருந்து என் பெயரை எடுத்துவிடவும்.

தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு வெறுமனே கேட்டார்: "அவன் திரும்ப வந்தா என்னம்மா செய்வே?"

"தெரியலை சார். கதவைப் புடிச்சுக்குவேன்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமலில்லை என்று எனக்குப் பட்டது, அதுதான் என்னை ரொம்ப பயமுறுத்தியது.

மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறினேன். கெஞ்சினேன், அம்மா பேரைச் சொன்னேன், நடக்கவில்லை. செல்வி பேரு ரிஜிஸ்டர்ல ஏறாம நான் எப்படிக்கா வர்றது என்றாள். வழியெல்லாம் வாய்க்கால் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வந்தது, ஆனால் மனசு ஆறவில்லை. அம்மாவிடம் துப்பாக்கி இப்போது ரேவதி முறை இல்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா உலை வைத்தாள்.

அதற்கப்புறம் ஒரு மாதம் பழனிப் பக்கத்துத் தந்தி வரும்போதெல்லாம் பெறுபவர் பேர் எங்கள் வீட்டுப் பேர் இல்லை என்று தெரிகிற வரைக்கும் மூச்சு விடமாட்டேன்.

தந்தி வரவில்லை. இன்லண்டு லெட்டர்தான் வந்தது. பரீட்சை, மழை, சளி என்று பக்கம் முழுக்க எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் வழக்கம் போலப் பொடி எழுத்து:

"துப்பாக்கியை பீரோவில் வைத்து, நீ வாங்கித் தந்த பூட்டைப் போட்டிருக்கிறார்கள். இப்போது சாவிக்குத்தான் முறை. செல்வி சேர்ந்துவிட்டாள், அ நன்றாக எழுதுகிறாள். அவள் அப்பா அருவாளை வீட்டில் வைத்துவிட்டு வந்து, கடைசி மணி அடிக்கிற வரைக்கும் தினமும் கேட்டுக்கு வெளியே எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்."